மார்கழியில் அடித்த பெயின்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்ததும் உங்கள் ஞாயிறு விளம்பரப் பக்கங்களில் தனி வீடு விற்பனைக்கு என்ற கட்டங்கள் கூடிவிடும். மார்கழியில் கிரயப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அந்த மாதத்திலேயே வீட்டை ஒப்பேற்றித் தயாராக வைத்துக்கொள்வது சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் வழக்கம். 'புதிதாகப் பெயின்ட் அடித்தது' என்று விளம்பரத்திலும் ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். வெளிச்சுவர் வேலையே பிழைப்பாக இருக்கும் எங்களுக்கு அந்த வரியைப் பார்த்தாலே சந்தேகம்தான் வரும்.

காரணம் இதுதான். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையை டிசம்பர் வரை குடித்த சுவர், மழை விட்ட மறுவாரமே காய்ந்துவிடாது. மேலே தொட்டால் உலர்ந்தது போலத் தெரியும். பூச்சுக்குள்ளும் செங்கலிலும் ஈரம் நிற்கும். அதன்மேல் எமல்ஷன் என்ற தண்ணீர் கலக்கும் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் சுவர் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும். முதலில் சின்னச் சின்னக் கொப்புளம், பிறகு அப்பளம் போலப் பெயின்ட் எழும்பும், நகத்தால் கிள்ளினால் ஏடாகக் கையோடு வரும். வீடு வாங்க ஆள் வந்து பார்ப்பதும் அந்த மாதங்களில்தான்.

சுவர் காய்ந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு ராத்திரி விட்டு எடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்துக் கோத்திருந்தாலோ, சுவரில் அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் பொறுக்க வேண்டும். வடக்குச் சுவரிலும் கழிவறைக்கு வெளிப்புறச் சுவரிலும் கட்டாயம் பாருங்கள். வெயில் படுகிற தெற்குச் சுவரில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

சுவர் காயும் அந்த இடைவெளியைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்குப் பயன்படுத்தலாம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதியில் வெடிப்பு இருக்கும். மழைநீர்க் குழாயின் முழங்கை இணைப்பு விட்டுப்போய், அதை ஒட்டிச் சுவரில் பச்சைக் கோடு இறங்கியிருக்கும். மேல்தொட்டி நிரம்பி வழிகிற குழாய் சுவரிலேயே ஊற்றிக்கொண்டிருக்கும். அரை அடி நீட்டிவிட்டால் தீர்ந்தது. கைப்பிடிச் சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் தண்டுதான் வரும். பூச்சை வெட்டி வேரை எடுத்து, அந்த இடத்தைச் சிமென்ட் கலவையால் அடைக்காவிட்டால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். இவையெல்லாம் சேர்ந்தாலும் கொத்தனார், பிளம்பர் இரண்டு பேரின் ஒன்றிரண்டு நாள் கூலிதான். ஆனால் இதை விட்டுவிட்டு எந்த உயர்ந்த ரகப் பெயின்ட் அடித்தாலும் வீண்.

கறுத்த பாசி விஷயத்தில் பலர் செய்வது, காய்ந்த பாசியை விளக்குமாற்றால் தட்டிவிட்டு மேலே அடிப்பது. சுவரில் ஒட்டிய மிச்சம் உயிரோடு இருக்கும். ஆறு மாதத்தில் புதுப் பெயின்டைத் துளைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளி வரும். 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்துப் பிரஷால் பூசுங்கள். சில மணி நேரம் ஊறவிட்டு, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மறுபடி காயவிட வேண்டும். வாசல் டைல்ஸில் படிந்த சிமென்ட் கறையை எடுக்க ஆசிட் வாங்கியிருப்பார்கள். அதுவும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், வேலையாள் மூச்சுத் திணறி விழுவார்.

கீறலில் மயிரிழைக் கீறல் வேறு, வெடிப்பு வேறு. மயிரிழைக்குக் கடையில் கிடைக்கும் கிராக் ஃபில் பேஸ்ட் போதும். அதைவிட அகலமானதை உளியால் 'வி' வடிவில் வெட்டித் தூசி தட்டி, நனைத்து, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக ஓடும் வெடிப்பை எத்தனை தடவை அடைத்தாலும் திரும்ப வரும். அங்கே இருபக்கமும் பூச்சை எடுத்துக் கோழிவலை அடித்துப் பூசுவதே வழி. புதிதாகப் பூசிய இடம் 28 நாள் ஆறாமல் பெயின்ட் ஏற்காது. விற்கிற அவசரத்தில் மறக்கப்படுவது இந்த 28 நாள்தான்.

வெளிச்சுவர் முழுக்கப் பட்டி (சுவரை வழவழப்பாக்கும் பசை) பார்ப்பது இன்னொரு கெட்ட பழக்கம். வீட்டுக்குள் போடும் அக்ரிலிக் பட்டியை வெளியே போட்டால் ஒரு மழையில் ஊறிப் பொரிந்துவிடும். வெள்ளைச் சிமென்ட் பட்டியேகூட மேடு பள்ளத்தைச் சரிசெய்யும் அளவுக்கு மட்டும் போதும்.

இனி, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை ஏறும் ஓதம். கடலோரப் பகுதிகளில் உப்புத் தண்ணீரால் கட்டிய பழைய சுவர்களில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷால் உதிர்த்து வாரி அப்புறப்படுத்துங்கள். சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணையும் செடித் தொட்டிகளையும் விலக்கினாலே பாதி குறையும். மீதிக்கு, ஈரக்கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை பழைய பூச்சை வெட்டி எறிந்து, 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 200 மில்லி என்ற கணக்கில் நீர்த்தடுப்புத் திரவம் கலந்து பூசலாம். இதுவும் ஓதத்தைச் சில வருடம் தள்ளிப்போடும், அவ்வளவே. முகப்பு அழகுக்கென்று அங்கே டைல்ஸ் ஒட்டி மறைப்பவர்களைப் பார்க்கிறோம். வெளியேற வழியில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேல் ஏறி, முன்பு இரண்டடியில் நின்றது நான்கடியில் தெரியும்.

மறைப்பது சட்டப்படியும் வம்பு. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 55-இன்படி, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. ஒழுகும் தளத்துக்கு அடியில் பெயின்ட் அடித்து வைப்பவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

அளவுக்கு வருவோம். 30க்கு 40 அடியில் தரைத்தள வீடு என்றால் சுற்றளவு 140 அடி. கைப்பிடிச் சுவரோடு 13 அடி உயரம் வைத்து, கதவு ஜன்னலைக் கழித்து, கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய 2,000 சதுர அடி. நல்ல ரக எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்குச் சுமார் 50 சதுர அடி வரும்; ஆக 20 லிட்டர் டிரம் இரண்டு. சுற்றுச்சுவருக்குத் தனிக் கணக்கு. பெயின்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் வேண்டுமா என்பதை உள்ளங்கை சொல்லும்: பழைய சுவரைத் தேய்த்துப் பார்த்துக் கையில் மாவு ஒட்டினால் வேண்டும். ஒட்டாவிட்டால் புதிதாகப் பூசிய, அடைத்த இடங்களுக்கு மட்டும் போதும்.

சதுர அடிக் கணக்கில் வேலை விடுபவர்கள் பெயின்டின் பெயரை மட்டும் கேட்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு என்று கேட்பதில்லை. லிட்டருக்கு 400 மில்லிக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது, டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். சரிக்குச் சரி தண்ணீர் விட்டால் ரோலரிலிருந்து மோர் போலச் சொட்டும், பழைய நிறம் ஊடே தெரியும், மூன்றாவது கோட்டிங் கேட்பார்கள். எங்கள் தொழிலில் இது நடப்பதில்லை என்று சொன்னால் பொய். காலி டிரம்களை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசல் இரும்புக் கேட்டுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். துரு பிடிப்பது அடிக்கம்பியிலும் கீலிலும்தான். 80, பிறகு 120 நம்பர் எமரித் தாளால் தேய்த்து, அன்றைக்கே துருத்தடுப்புப் பூச்சான ரெட் ஆக்சைடு அடித்துவிட வேண்டும். ஒரு இரவுப் பனி போதும், மறுபடி துரு பிடிக்க. 12 அடிக்கு 5 அடி கேட்டின் இருபுறமும் இரண்டு கோட்டிங் எனாமலுக்கு 2 லிட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். பழைய எனாமலைச் சுரண்டும்போது முகத்தை மூடிக்கொள்ளுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கும் என்று தெரியாது.

நிறம் உங்கள் இஷ்டம். ஆனால் விற்கிற வீட்டுக்கு அடர் சிவப்பும் ஊதாவும் வேண்டாம். மேற்குச் சுவரில் சீக்கிரம் வெளுத்துவிடும், வாங்குபவருக்கும் அதை மாற்ற அதிக பெயின்ட் ஆகும். ஷேடு எண் எழுதிய சீட்டையும், மீந்த பெயின்டில் ஒரு லிட்டரையும் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 'புதிதாகப் பெயின்ட் அடித்தது' என்று விளம்பரம் தருபவரிடம் எந்த மாதம் அடித்தது என்பதையும் கேட்டு அச்சிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
கட்டடப் பெயின்டிங் தொழில் செய்வோர் சிலர்,
தாம்பரம்