எந்த டப்பாவில் உளுந்து

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். எட்டு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்குப் போனாயே, அது இதற்காவது உதவட்டும். மெதுவாகப் படி.

ஞாயிறு ராத்திரி நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உன் சமூகவியல் செமினாரில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளாளுக்கு எபிஸ்டெமாலஜி, ஹெஜெமனி, டயலெக்டிக் என்று பேசியிருக்கிறார்கள். நீ இரண்டு மணி நேரம் வாயே திறக்கவில்லை. வெளியே வரும்போது ஒரு பெண், இதற்கு முன் எங்கே படித்தாய் என்று கேட்டாள். டி ஆன்சா என்று சொன்னதும், "ஓ, கம்யூனிட்டி காலேஜா" என்று சிரித்துவிட்டுப் போனாள். யாரும் சேரலாம், இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், அந்த மாதிரிக் கல்லூரி என்றால் அவளுக்கு இளப்பம் போல. "ரெண்டு வருஷத்த வேஸ்ட் பண்ணிட்டேனோம்மா" என்றாய். அப்பா ஏதோ சமாதானம் சொன்னார். நான் சும்மா இருந்தேன். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

கரூரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழ் வழியில்தான் படித்தேன். கணக்கு எனக்குக் கரும்பு. வகைக்கெழு, தொகையீடு, அணிக்கோவை எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடப் போடுவேன். அப்புறம் பி.எஸ்சி. சேர்ந்தேன். முதல் வாரம் வகுப்பில் டிடர்மினன்ட், டிடர்மினன்ட் என்றே ஓடியது. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த கான்வென்ட் பெண் பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள். ராத்திரி ஹாஸ்டலில் அழுதேன். மூன்றாவது வாரம் தைரியம் வந்து கரும்பலகையை ஒழுங்காகப் பார்த்தால், இரண்டு பக்கமும் நெட்டுக்கோடு, நடுவில் எண்கள், விரிக்கும்போது கூட்டல், கழித்தல், கூட்டல். அடப்பாவி, இது நம்ம அணிக்கோவை! அந்தக் கான்வென்ட் பெண்ணுக்குப் பெயர் தெரியுமே தவிர விரிக்க வராது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அந்த மூன்று வாரமும் வகுப்பில் யார் கெட்டிக்காரி என்று கேட்டிருந்தால் எல்லோரும் அவளைத்தான் காட்டியிருப்பார்கள். நானும்.

புதிதாகப் புகுந்த வீட்டுச் சமையலறையில் நிற்கிற மருமகளுக்கு எந்த டப்பாவில் உளுந்து, எதில் துவரை என்று தெரியாது. நாலு டப்பாவைத் திறந்து பார்ப்பாள். அதைப் பார்த்துவிட்டு இவளுக்குச் சமைக்கவே தெரியாது என்று சொல்ல ஒரு நாத்தனார் எப்போதும் இருப்பாள். உனக்கு அன்றைக்கு ஒரு நாத்தனார் கிடைத்தாள், அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை எனக்கு இது நடந்தது இந்த ஊரில். உனக்கு மூன்று வயது. எனக்கு எச்4 விசா, வேலைக்குப் போக முடியாது. வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். முதல் கட்டுரையைத் திருப்பித் தந்தபோது ஓரத்தில் டீச்சர், "உங்கள் ஆர்க்யுமென்ட் எங்கே?" என்று எழுதியிருந்தார். எனக்கு ஒரே குழப்பம். ஆர்க்யுமென்ட் என்றால் சண்டை. நான் யாரிடம் சண்டை போட்டேன், எதற்குப் போட வேண்டும்? கட்டுரையில் நான் நிறுவ வந்த கருத்து என்ன என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். அதுபோலத்தான் ஆஃபீஸ் அவர்ஸ். அந்த நேரத்தில் அவருக்கு ஆஃபீஸ் வேலை இருக்கும், தொந்தரவு செய்யக் கூடாது என்று பாதிப் பருவம் அந்தப் பக்கமே போகவில்லை. மாணவர்களுக்காகவே ஒதுக்கிய நேரம் அது என்று ஒரு வியட்நாம் அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

அந்த டீச்சர்தான் எனக்கு ஒரு பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தார். நியூசிலாந்தில் ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000-இல் வெளியிட்டது. பல துறைப் பாட நூல்களிலிருந்தும் கட்டுரைகளிலிருந்தும் 35 லட்சம் சொற்களைத் திரட்டி அலசி, எல்லாப் படிப்பிலும் திரும்பத் திரும்ப வருகிறவற்றைப் பொறுக்கியிருக்கிறார். மொத்தம் 570 சொற்குடும்பங்கள். அனலைஸ், கான்செப்ட், கான்டெக்ஸ்ட், டிரைவ், ஹைபாதிஸிஸ் இந்த மாதிரி. படிப்பு சம்பந்தமான எழுத்தில் சுமார் பத்தில் ஒரு சொல் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுமாம். வீட்டில் இருந்தாலும் கடைத்தெருவில் இருந்தாலும் இவை காதில் விழாது, படித்த கூட்டத்தில்தான் புழங்கும். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரே நிம்மதி. கடல் என்று நினைத்தேன், கிணறுதான்! ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தேன். 'அனலைஸ்' மேலேயே நீ க்ரேயானில் யானை வரைந்தாய். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இதெல்லாம் வெறும் பகட்டுச் சொற்கள் என்று உன்னைத் தேற்ற மாட்டேன். அணிக்கோவை என்ற ஒரு சொல் இல்லாவிட்டால் அதை விளக்க ஒரு பக்கம் வேண்டும். ஹெஜெமனியும் அப்படித்தான் இருக்கும். கற்றுக்கொள். ஆனால் சொல் தெரியாததையும் விஷயம் தெரியாததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

டி ஆன்சாவில் உன் வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பார். ராணுவத்திலிருந்து திரும்பியவர், நாற்பது வயதில் நர்சிங் படிக்க வந்த அம்மா, கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் கண் சிவக்க வந்து உட்கார்ந்த பையன். வேலை நிரந்தரமில்லாத வாழ்க்கைக்கு உன் புதுப் பேராசிரியர் 'ப்ரிகேரிட்டி' என்று ஒரு சொல் சொன்னதாகச் சொன்னாயே. அந்தச் சொல் தெரியாமலே அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவன் உன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். அங்கே உன் சமூகவியல் டீச்சர் ஒரே கட்டுரையை மூன்று தடவை திருத்திக் கொடுத்தார். வகுப்பில் முப்பத்தைந்து பேர், எல்லோர் பெயரும் அவருக்குத் தெரியும். பெர்க்லியில் முதல் வருடப் பாடங்களை நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே அரங்கில் உட்கார்ந்து கேட்கிறார்கள். கட்டுரையைத் திருத்துவது பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சி வேறு, முதல் வருடப் பிள்ளைக்குப் பொறுமையாகப் பாடம் சொல்வது வேறு. முதலாவது உனக்கு இப்போதுதான் தேவைப்படுகிறது. சரியான நேரத்தில்தான் போயிருக்கிறாய்.

டி ஆன்சாவில் பாடக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 31 டாலர். இரண்டு வருடப் படிப்பின் 90 யூனிட்டுக்கு 2,790. அதே இரண்டு வருடத்தை யுசியில், அதாவது பெர்க்லியும் சேர்ந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், தொடங்கியிருந்தால் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 14,000-க்கு மேல். இதற்கு மேல் காசைப் பற்றிப் பேச மாட்டேன்.

கம்யூனிட்டி காலேஜில் குறையே இல்லை என்றும் சொல்லவில்லை. என் டீச்சர் ஒரே நாளில் இரண்டு ஊர்க் கல்லூரிகளில் பாடம் எடுத்தார். அவர் மாதிரிப் பகுதி நேர ஆசிரியர்களை ஃப்ரீவே ஃப்ளையர் என்பார்கள், நெடுஞ்சாலையிலேயே காலம் கழிகிறவர்கள். நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தால், கம்யூனிட்டி காலேஜில் தொடங்குகிறவர்களில் ஆறு வருடத்துக்குள் பி.ஏ., பி.எஸ். வாங்குவது சுமார் ஆறில் ஒருவர்தான். மற்றவர்கள் மக்குகளா? வேலை, குழந்தை, வாடகை, எந்தப் பாடத்தை எடுத்தால் எங்கே செல்லும் என்று சொல்ல ஆள் இல்லாதது, இப்படி எத்தனையோ. நீ ராத்திரி ராத்திரி, எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று காட்டுகிற அசிஸ்ட் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாடங்களைப் பொருத்திப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நீ பெர்க்லிக்குள் புழக்கடை வழியாக வரவில்லை. 1960-இல் கலிபோர்னியா உயர்கல்விக்கு ஒரு திட்டம் போட்டது. பள்ளி முடிப்பவர்களில் மதிப்பெண்ணில் மேலே நிற்கும் எட்டில் ஒரு பங்கு யுசிக்கு, மேலே நிற்கும் மூன்றில் ஒரு பங்கு ஸ்டேட் கல்லூரிகளுக்கு, படிக்க விரும்பும் எவருக்கும் கம்யூனிட்டி காலேஜ், அங்கிருந்து நன்றாகப் படித்தவர்களுக்கு மேலே போக வழி. அப்போது யுசியின் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதில் முக்கியமானவர். உங்கள் பக்கத்து விடுதித் தொகுதிக்கே அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் வந்தது ஒரு வாசல், நீ வந்தது இன்னொரு வாசல். இரண்டையும் ஒரே ஆட்கள்தான் கட்டினார்கள்.

சரி, நான் ஏன் சும்மா இருந்தேன் என்று சொல்கிறேன். நீ டி ஆன்சாவில் சேர்ந்தபோது கரூரிலிருந்து பெரியம்மா, தம்பி எங்கே சேர்ந்திருக்கிறான் என்று கேட்டார். "கூபர்டினோவில் படிக்கிறான்க்கா" என்று ஊர்ப் பெயரை மட்டும் சொன்னேன். ஆப்பிள் கம்பெனி இருக்கிற ஊர் அல்லவா, அவராகவே ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கோயிலில் கேட்டவர்களுக்கும் அதே பதில். இரண்டு வருடம் அந்தக் கல்லூரிப் பெயர் என் வாயில் வரவில்லை. பெர்க்லி கிடைத்த அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். நீ அதைப் பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் சிரித்த சிரிப்பை உனக்கு முதலில் காட்டியது நான்தான், தம்பி. போன வாரம் பெரியம்மாவிடம் முழுசாகச் சொல்லிவிட்டேன். "அதுக்கென்ன, அங்கயும் பாடம்தான நடத்துவாங்க" என்றார். இவ்வளவுதான் விஷயம் என்றால் நான் இரண்டு வருடம் எதற்குப் பயந்தேன்?

இடம் மாறிய முதல் பருவத்தில் மதிப்பெண் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். 1965-லேயே ட்ரான்ஸ்ஃபர் ஷாக் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பெரும்பாலும் மறுபடி ஏறிவிடும். உனக்குச் சின்னப் பருவமான குவார்ட்டரிலிருந்து நீளமான செமஸ்டருக்கு மாறியது வேறு. அடுத்த வாரம் அந்தப் பேராசிரியரின் ஆஃபீஸ் அவர்ஸுக்குப் போ. "இந்தச் சொல்லை நீங்கள் எந்தப் பொருளில் சொல்கிறீர்கள்" என்று கேள். வகுப்பிலும் அதையே கேள், பாதிப் பேர் தடுமாறுவார்கள். எதற்கும் ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்.

முறுக்கு அனுப்பியிருக்கிறேன், ரூம்மேட்டுக்கும் கொடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது டயலெக்டிக் என்றால் என்ன என்று எனக்குச் சொல். எனக்குத் தெரியாது. நீ சொன்னபோது அப்பா தலையாட்டினாரே, அவருக்கும் தெரியாது.

அன்புடன்,
அம்மா