மேலவையில் எங்கள் லயத்துக்காகப் பேசியவருக்கும் உடன் நின்றவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள எங்கள் தோட்டக் குடியிருப்பாளர் செயற்குழுவின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன். எங்கள் லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், பிரச்சினையை நாடாளுமன்ற மேலவையில் தொடர்ந்து பேசிவந்த செனட்டரின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. ஒரு தவணை மூன்று ஆண்டு, இரண்டு தவணைக்கு மேல் யாருக்கும் கிடையாது என்பது அரசியலமைப்பில் உள்ள விதி. கோயில் மண்டபத்தில் மாலை, பொன்னாடை எல்லாம் போட்டு அனுப்பிவைக்க நினைத்தோம். வேண்டவே வேண்டாம் என்றார். எழுதினாலும் பெயரைப் போடாதீர்கள் என்றார். சரி, பெயர் இல்லாமலே நன்றி சொல்கிறோம். இந்த ஊரில் யாருக்கும் ஆள் தெரியாமல் இல்லை.

மேலவையில் 70 பேர். அதில் 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கின்றன. 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார். அந்த 70 பேரில் ஒருவருக்கும் எங்கள் ஓட்டு தேவையில்லை. தேர்தல் வந்தால் மட்டும் தோட்டத்து மண் சாலைக்கு வண்டியைத் திருப்புகிறவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். இவர் வந்தபோது தேர்தலும் இல்லை, கொடியும் இல்லை. லயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த வீட்டில் யார் ஓய்வு பெற்றவர், யார் இன்னும் வேலைக்குப் போகிறார், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், தண்ணீர்க் கட்டணத்தை யார் கட்டுகிறார் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதிக்கொண்டார். காப்பி கொடுத்தால் குடித்தார். படம் எடுக்கச் சொல்லவில்லை.

எங்கள் சிக்கல் தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேலை இருக்கும்வரை வீடு உண்டு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 2013 ஜூலையிலிருந்து ஓய்வு வயது 60. அறுபது வயதில் பிறந்த வீட்டை விட்டு எங்கே போவது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அப்புறம் நிலமே கைமாறியது. புது நிர்வாகம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. தண்ணீரை நிறுத்தப்போவதாக இன்னொரு கடிதமும் வந்தது. எங்கள் அப்பாக்கள் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற இடத்தில் நாங்கள் அத்துமீறிக் குடியிருப்பவர்களாகிவிட்டோம்.

2019 ஜூலையில் 446ஆம் சட்டத்தின் திருத்தம் மேலவைக்கு வந்தது. தொழிலாளர் வீடு, தண்ணீர், மின்சாரம், ஆயாக் கொட்டகை (குழந்தைக் காப்பகம்) ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவு வைக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதுவரை தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மட்டும் இருந்ததை மற்றத் துறைகளுக்கும் விரிக்கும் திருத்தம். நல்ல திருத்தம்தான், அடுத்த ஆண்டு ஜூன் 1இல் நடைமுறைக்கும் வந்தது. ஆனால் அன்றைக்கு நாடே தொழிற்சாலைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் இடத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் செனட்டர் அவைக்குப் புதியவர். எழுந்து திருத்தத்தை ஆதரித்தார். ஆதரித்த கையோடு, இந்தச் சட்டம் யாருக்காக முதலில் எழுதப்பட்டதோ அவர்கள் ஓய்வு பெற்ற மறுநாள் இதற்குள் இல்லை என்று சொன்னார். வேலையோடு கட்டிப்போட்ட வீடு, வேலை முடிந்தபின் யார் பொறுப்பு என்று கேட்டார். அதற்குப் பொதுவான பதில்தான் கிடைத்தது.

பொதுவான பதிலோடு பலரும் விட்டுவிடுவார்கள். இவர் விடவில்லை என்பதற்காகத்தான் முக்கியமாக இந்த நன்றி. அடுத்த கூட்டத்தில் அதையே எழுத்துமூலக் கேள்வியாகப் போட்டார். வந்த பதிலில் மழுப்பலாக இருந்த வரியை எடுத்து, மாமன்னர் உரை மீதான விவாதத்தில் மறுபடி கேட்டார். 2021இல் அவசரகாலத்தால் பல மாதம் நாடாளுமன்றமே கூடவில்லை. அதோடு மறந்துவிடுவார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவை திறந்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்தார். ஒவ்வொரு முறையும் ஹன்சார்ட் (அவை நடவடிக்கைக் குறிப்பு) பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டு எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடுவார். பேசியதை மட்டும் அனுப்பமாட்டார், அமைச்சர் மறுத்ததையும் சேர்த்துத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது வரவு செலவுத் திட்ட விவாதத்தில் அவர் ஆற்றிய ஓர் உரை. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, எங்கள் ஊர் மக்களவை உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய டாலர்) கட்டித் தோட்டம் வாங்கினார்கள். கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கியதுதான். அந்தக் கதையைச் செனட்டர் பெருமை பேசுவதற்காக எடுக்கவில்லை. நாள்கூலிக்காரனே தோட்டம் வாங்க முடிந்த நாட்டில், கைமாறும் நிலத்தில் ஒரு மூலையை வீட்டுக்கு ஒதுக்கும்படி விற்பனை நிபந்தனை போடுவது அரசாங்கத்துக்கு ஏன் முடியாது என்று கேட்டார். நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்று பதில் வருமென்று தெரிந்தே, மத்திய நிதியில் செய்யக்கூடியவற்றைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தார். சம்பந்தனின் ஊர்க்காரர்களான எங்களில் பாதிப் பேருக்குப் புக்கிட் சிடிம் பற்றி அன்றைக்குத்தான் தெரியும்!

குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ரிங்கிட்டாகவும், 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாகவும் உயர்ந்தது. அந்த விவாதங்களில், மழை பெய்து வேலைக்காடு (தோட்ட வேலை) நின்றுபோகும் நாட்களைப் பற்றியும் பேசினார். அதை விரித்தால் இந்த மடல் முடியாது.

மேலவை வெறும் ரப்பர் முத்திரை என்று பசார் காப்பிக்கடையில் சொல்கிறவர்கள் உண்டு. அதில் பொய்யில்லை. நிதி மசோதாவை ஒரு மாதம், மற்றதை ஓராண்டு தாமதிக்கலாம். அதற்கு மேல் தடுக்க முடியாது. நல்ல பரிந்துரைகள் அலமாரிக்குப் போனதும் உண்டு. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் 1965இல் அமைந்த அரச விசாரணைக் குழு, உள்ளாட்சித் தேர்தல் திரும்ப வேண்டும் என்றது. அரசு ஏற்கவில்லை, 1976ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தேர்தலையே எடுத்துவிட்டது. ஆனாலும் காப்பிக்கடைக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். காப்பிக்கடையில் பேசுவதற்கு யாரும் எழுத்தில் பதில் தர வேண்டியதில்லை. அமைச்சின் அந்த எழுத்துப் பதில்களை மேசைமேல் வைத்த பிறகுதான் தோட்ட நிர்வாகம் எங்களை உட்காரச் சொல்லிப் பேச ஆரம்பித்தது.

அந்த உரைகளுக்கு விவரம் சேர்த்தவர்களையும் சொல்லியாக வேண்டும். எல்லாருக்கும் முன்னால் எங்கள் பழைய கிராணி (தோட்ட எழுத்தர்) ஐயா. யாரும் கேட்காமலே பழைய செக்ரோல் (வேலைப் பதிவேடு) நகல்களையும் சம்பளச் சீட்டுகளையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். யார் எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார் என்று அவையில் தயங்காமல் சொல்ல முடிந்தது அந்த டின்னால்தான். மனுவைத் தேசிய மொழியில் எழுதிய எங்கள் லயத்துப் பெண் அப்போது கல்லூரி மாணவி. அதைத் திருத்திக் கொடுத்தவர் பக்கத்துக் கம்போங்கில் (மலாய்க் கிராமத்தில்) இருக்கும் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர். இரண்டாவது பக்கத்தில் கோபம் அதிகம், விவரம் குறைவு என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார், அப்படியே மாற்றினோம். நகல் எடுத்த கடைக்காரச் சீனர் முதல் கட்டுக்குக் காசு வாங்கினார், அதன்பின் வாங்கவே இல்லை. தமிழ்ப்பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர் ஒவ்வொரு ஹன்சார்ட் பக்கத்தையும் தமிழில் எழுதிக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு மாலையில் வாசித்தும் காட்டினார்.

நாடாளுமன்றத்துக்கு எங்களை ஏற்றிப் போன வேன் ஓட்டுநருக்கும் நன்றி. பார்வையாளர் மாடத்தில் உட்காரும் ஆண்களுக்கு முழுக்கை பாத்திக் சட்டை வேண்டும் என்று முதல் நாள்தான் தெரிந்தது. ஊரில் இருந்த பாத்திக் சட்டைகளை எல்லாம் ஓர் இரவில் திரட்டிய இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளை மறக்க முடியாது. என் சட்டை இரண்டு ஆள் போடலாம் போல இருந்தது. மாடத்தில் கைதட்டக் கூடாது. செனட்டர் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னபோது பால்வெட்டிலேயே காலம் கழித்த ஒரு பாட்டி கையைத் தூக்கிவிட்டார்; பக்கத்தில் இருந்த மருமகள் பிடித்துக்கொண்டார். அந்த மருமகளுக்கும் நன்றி.

இப்போதைய நிலை இதுதான். காலி செய்யச் சொன்ன கடிதம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் வருகிறது. வீட்டுக்கான நிலத்தில் கல் நட்டிருக்கிறார்கள், பட்டா இன்னும் கைக்கு வரவில்லை. சட்டத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கான பிரிவு இன்னும் சேரவில்லை. அதைப் புதிதாகப் பதவியேற்கும் செனட்டர்களில் ஒருவரிடம் எடுத்துப்போக, பழையவரே கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவர் அனுப்பிய ஹன்சார்ட் பக்கங்கள், எழுத்துப் பதில்கள், எங்கள் மனு எல்லாம் ஒரே கோப்பாகக் கிராணி ஐயா வீட்டில் இருக்கின்றன. இதே கடிதம் வந்திருக்கும் பக்கத்துத் தோட்டத்தார் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம். பகல் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் அவர் தூங்குவார்.

நன்றியுடன்,
செயலாளர்,
தோட்டக் குடியிருப்பாளர் செயற்குழு,
சுங்கை சிப்புட், பேராக்