வெளிப்புறக் கான்கிரீட், மொட்டை மாடி, கழிவுக் குழாய்ப் பணிகள்: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான்கு பிரிவுகளிலும் பணி முடிந்து சாரம் இறக்கப்பட்டுவிட்டது. வீட்டுவசதி நிர்வாகத்தின் பொறியாளரும் கண்காணிப்புக் குழுவும் சேர்ந்து இறுதி அளவெடுத்து, அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட்டிருக்கிறோம். மேல்நிலைத் தொட்டிகள் கழுவிக் குளோரின் இடப்பட்டு மூடிகள் மாற்றப்பட்டன. படிக்கட்டுக் கைப்பிடிகள், பொது விளக்குகள், மழைநீர்க் குழாய்கள் எல்லாம் முடிந்தன. இவற்றில் யாரும் குறை சொல்லவில்லை.

கேள்வி எழுந்தது பால்கனி, சன்ஷேடு கான்கிரீட் பழுதில்தான். மதிப்பீட்டில் 60 சதுர மீட்டர் என்று இருந்தது பில்லில் 104 ஆனது எப்படி, குழு ஒப்பந்தக்காரருக்கு வளைந்து கொடுத்ததா என்று பொதுக்கூட்டத்தில் கேட்டீர்கள். சிலர் எழுதியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முழுமையாகப் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

60 என்பது தரையில் நின்று பார்த்து எழுதிய கணக்கு. கீழிருந்து பார்த்தால் பெயர்ந்து விழுந்த இடமும் கம்பி தெரியும் இடமும் மட்டுமே கண்ணில் படும். கம்பியில் பிடிக்கும் துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் உள்ளுக்குள்ளேயே ஏடுவிட்டு நிற்கும். மேல்பூச்சில் ஒரு கீறல்கூட இருக்காது. சாரம் கட்டிய பிறகு கைச்சுத்தியலால் அடிக்கு அடி தட்டிப் பார்த்தால்தான் தெரியும். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும், விட்டுப்போனது மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலித்த இடங்களைச் சாக்பீஸால் கோடிட்டு, பொறியாளர், ஒப்பந்தக்காரர், குழு மூன்று தரப்பும் அளந்து எழுதிய பிறகே உடைக்க அனுமதித்தோம். அந்த அளவுதான் 104. ஒப்பந்தத்தில் சதுர மீட்டருக்கான விலையை முன்பே குறித்திருந்ததால் கூடுதல் அளவுக்கும் அதே விலைதான். பேரத்துக்கு இடமே இருக்கவில்லை. கூடுதல் தொகைக்காக முகப்பு அலங்காரப் பட்டைகளைக் கைவிட்டோம். அதில் வருத்தப்பட்டவர்கள் உண்டு. தலைக்கு மேல் தொங்கும் கான்கிரீட்டுக்கு முன்னால் அலங்காரம் இரண்டாவதுதான்.

“பெயர்ந்ததை மட்டும் பூசுங்கள், மீதியை அடுத்த முறை பார்க்கலாம்” என்ற யோசனையை ஏன் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உடைத்த இடங்களில் பீனால்ப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்த்தோம். கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை இருக்கும் கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். கரியமில வாயு ஊறிக் காரம் போனது நிறம் மாறாது. சன்ஷேடுகளின் அடிப்பக்கத்தில் கம்பி வரைக்கும் நிறமே வரவில்லை. கம்பிக்குக் கீழே அதை மூடும் கான்கிரீட் 20 மி.மீ. கனம் இருக்க வேண்டிய இடத்தில் 10 மி.மீ.கூட இல்லாததுதான் காரணம். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளை வைக்காமல் கம்பியைப் பலகைமேலேயே கிடத்தி வார்த்தால் இப்படித்தான் ஆகும். இன்று மந்தமாக ஒலிக்கும் இடம் அடுத்த சில மழைக்காலங்களில் விழும் இடம். அதற்காக மறுபடி சாரம் கட்டினால், பழுதைவிடச் சாரத்துக்கே அதிகம் கொடுக்க நேரிடும்.

இனி பி பிரிவுத் தகராறு. ஒப்பந்தப்படி, உடைக்கும்போது கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவு இடைவெளி வர வேண்டும். துருவை முழுச்சுற்றும் நீக்கி, வெர்னியர் அளவுக்கருவியால் கம்பியின் விட்டத்தை அளக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி 7 ஆகத் தேய்ந்தாலே அதன் பரப்பில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு துத்தநாகப் பிரைமர், ஒட்டுப்பூச்சு, அதன்மேல் பாலிமர் கலவை அடுக்கடுக்காக. ஆனால் மூன்றாம் மாடி வரிசை முழுவதையும் யாரும் பார்ப்பதற்கு முன்பே பூசி மூடிவிட்டார்கள். ஆதாரமாகக் காட்டிய படங்களில் வீட்டு எண்ணும் இல்லை, அளவுகோலும் இல்லை. மூன்று இடங்களைத் திறந்து காட்டச் சொன்னோம். இரண்டில் கம்பியின் முன்பக்கத்துக்கு மட்டும் பிரைமர் அடித்திருந்தது. பின்பக்கத் துரு அப்படியே இருந்தது. வரிசை முழுவதையும் ஒப்பந்தக்காரர் செலவிலேயே உடைத்துத் திரும்பச் செய்யச் சொன்னோம். அவர் ஆட்களை நிறுத்திவிட்டார். பி பிரிவு வீட்டார் சாரத்தைச் சுற்றிய வலைக்குள் வெளிச்சமில்லாமல், தூசியோடு தவித்தது எங்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டு முடித்துவிடும்படி வந்த நெருக்கடி கொஞ்சமல்ல.

போடாததற்குக் காரணம் இதுதான். லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிப் பொதுக் குடியிருப்பின் ஒரு மூலை 1968-ல் சமையல் வாயு வெடிப்பில் மேலிருந்து கீழ்வரை சரிந்து, நான்கு பேர் இறந்தார்கள். 1986-ல் அந்தக் கட்டடத்தைப் பிரித்தபோது, சுவர்ப்பலகை இணைப்புகளில் கலவை சரியாக நிரப்பப்படாமல் இருந்தது வெளியே தெரிந்தது. மூடியபின் உள்ளே இருப்பதை எந்தக் கையெழுத்தும் மாற்றாது. கடைசியில் ஒப்பந்தக்காரர் திரும்பி வந்தார், வரிசையை மறுபடி செய்தார். அதன்பின் இடத்துக்கு ஓர் எண் அட்டை, உடைத்ததும் ஒரு படம், பிரைமருக்குப்பின் ஒரு படம், கையெழுத்து இல்லாமல் கலவை இல்லை என்று விதி செய்தோம். சி, டி பிரிவுகளில் ஒரு சச்சரவும் வரவில்லை.

மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரம் முழுக்க வளைவுப் பூச்சிட்டு, 48 மணி நேரம் தண்ணீர் கட்டிச் சோதித்தோம். சி பிரிவில் குழாய் ஏறும் துளையோரம் மட்டும் ஈரம் காட்டியது. அதைத் திறந்து அடைத்து மறுபடி சோதித்து ஏற்றுக்கொண்டோம். கழிவுக் குழாய்களை மாற்றியாயிற்று, காற்றுக் குழாய்கள் மாடிக்கு மேல் உயர்த்தப்பட்டன.

உதவியவர்களைச் சொல்லாமல் விடக்கூடாது. ஏ 4, ஏ 7, ஏ 11 வீட்டார் பொருள் வைக்க முற்றம் கொடுத்தார்கள். பி 2, பி 9, டி 6 வீட்டார் துளைக்கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்துக் கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்கள். சி 3, சி 5, சி 12, டி 1, டி 8 வீட்டார் நடைபாதைப் பாதுகாப்புக் கூரைக்குப் பணம் தந்தார்கள். டி 10 வீட்டுப் பெரியவர் தட்டுச் சோதனை வரைபடம் முழுவதையும் தன் கையால் வரைந்து கொடுத்தார். இந்தக் கணக்குக்கு அதுவே முதுகெலும்பு.

பில்லில் 5 சதவீதம் 12 மாதங்களுக்குப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் விரிசலோ, துருக்கறையோ, கூரை ஈரமோ தெரிந்தால் வீட்டு எண், தேதி, படத்துடன் எழுதிக் கொடுங்கள். வாய்மொழிப் புகாரை வைத்துத் தொகையை நிறுத்த முடியாது. புதிதாகப் பூசிய சன்ஷேடுகளில் கொடிக்கம்பிக்கோ ஏசி தாங்கிக்கோ துளையிட வேண்டாம். துளையிட்ட இடத்துக்கு ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்கமாட்டார். அளவுப் புத்தக நகல், வரைபடம், எண் வாரியான படங்கள் குழு அலுவலக அலமாரியில் இருக்கின்றன. எந்த உறுப்பினரும் கேட்டு வாங்கித் தன் வீட்டுப் பக்கத்தைச் சரிபார்க்கலாம்.

கண்காணிப்புக் குழு