வாளிக்குள் கீறிய கோடு

சுங்கை சிப்புட்
பேராக், மலேசியா
சனிக்கிழமை மாலை

அன்புள்ள மணி,

தீபாவளிக்கு நீ கொடுத்தனுப்பிய முறுக்கு டின் காலியாகி, அதில் அம்மா மிளகாய்த்தூள் கொட்டி வைத்து, அந்தத் தூளும் பாதி தீர்ந்துவிட்டது. நான் இன்னும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தப்புதான், திட்டிக்கொள். இன்று உட்கார்ந்து எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

முதலில் ஊர்ச் செய்தி. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, சர்க்கரை மட்டும் கட்டுக்குள். சின்னவள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு. மூணாம் நம்பர் லயத்தை இடித்துவிட்டார்கள். நாம் பந்து பொறுக்கிய சரிவு முழுக்க இப்போது செம்பனை. நீல சைக்கிளை மாமா மறக்கவில்லை. கோப்பிக் கடையில் என்னைப் பார்த்ததும், "உன் கூட்டாளி எப்போது காசு கொடுக்கப் போகிறான்?" என்றுதான் ஆரம்பித்தார். ஜோகூரில் போய் உட்கார்ந்துகொண்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன், மற்றவர்கள் எழுதிய கெர்னல் டிரைவர்களை, அதாவது இயங்குதளத்தின் மையத்திலிருந்து சாதனங்களை ஓட்டும் நிரல்களை, படித்துப் பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். நீ வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறவன். உனக்கு இது பக்கத்து ஊர் மாதிரி, பெயர் தெரியும், தெரு தெரியாது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. அவற்றை கெஸ்ட் என்போம். ஒவ்வொரு கெஸ்டுக்கும் வட்டு வேண்டும், நெட்வொர்க் வேண்டும். நிஜமான அட்டை ஒவ்வொன்றையும் போலவே நடித்துக் காட்டினால் வேகம் செத்துவிடும். அதற்காக ரஸ்டி ரஸ்ஸல் என்ற ஆஸ்திரேலியர் விர்ட்டியோ என்று ஒரு பொதுவழியைக் கொண்டுவந்தார். 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24-இலேயே அது இருந்தது. அதன் அழகு எனக்கு இன்னும் சலிக்கவில்லை. டிரைவரும் சாதனமும் ஒரே நினைவகத்தில் ஒரு கணக்குப் புத்தகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான். எந்த பஃபர் (தரவு வைக்கும் இடம்) எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம் என்று டிரைவர் ஓர் அட்டவணையில் எழுதும். எடுத்துக்கொள் என்று ஒரு வளையத்தில் குறிக்கும். சாதனம் வேலையை முடித்து, இதை முடித்தேன், இத்தனை பைட் எழுதினேன் என்று இன்னொரு வளையத்தில் குறிக்கும்.

அந்த 'இத்தனை பைட்' என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள். என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

எங்கள் கம்பெனி ஓர் அட்டை செய்கிறது. மறைகுறியாக்க வேலையை ப்ராசஸரிடமிருந்து வாங்கிச் செய்யும் அட்டை. கெஸ்டுக்கு அது விர்ட்டியோ சாதனமாகத் தெரியும். அதற்கான டிரைவரை எழுதியவள் போன ஆண்டு சேர்ந்த பிள்ளை, தாப்பா பக்கத்துத் தோட்டத்துக்காரி. ஏறக்குறைய 900 வரி. நல்ல கை, மணி. முதல் வேலைக்கு அவ்வளவு சுத்தமாக எழுதி நான் பார்த்ததில்லை.

முதல் சுற்றில் நிறையப் பிடித்தேன். கட்டளைக்கான பஃபரை, ஃபங்ஷன் ஓடும்போது மட்டும் இருக்கும் தற்காலிக இடமான ஸ்டாக்கிலேயே அறிவித்து அதைச் சாதனத்துக்குக் கொடுத்திருந்தாள். 2016-இல் வந்த 4.9 கெர்னலிலிருந்து ஸ்டாக்கை விமேலாக் என்ற நினைவகப் பகுதியில் வைக்கலாம். அங்கே பக்கத்துப் பக்கத்து முகவரிகள் நிஜ நினைவகத்தில் பக்கத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது, சாதனம் எங்கோ போய் எழுதும். தொடர்ச்சியான இடம் தரும் கேமேலாக்கில் வாங்கு என்றேன். டிரைவரைக் கழற்றும்போது சாதனத்தை ரீசெட் செய்யும் முன்பே பஃபர்களை விடுவித்திருந்தாள். விடுவித்த இடம் வேறு யாருக்கோ போன பிறகும் சாதனம் அதில் எழுதிக்கொண்டிருக்கலாம். வரிசையை மாற்றச் சொன்னேன். இன்னொன்று, டிரைவர் தயார் என்று அறிவிக்கும் பிட்டை வைக்கும் முன்பே முதல் கட்டளையை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். அந்தப் பிட் விழும்வரை சாதனம் வரிசையைத் தொட வேண்டிய கடமையே இல்லை. எல்லாவற்றையும் இரண்டே நாளில் திருத்தினாள்.

மூன்றாவது பதிப்பு தைப்பூசத்துக்கு முந்தைய இரவு வந்தது. அக்கா மகன் காவடி எடுக்கிறான், விடியும் முன்பே ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் புறப்பட வேண்டும். வீடு முழுக்க ஆட்கள். கூடத்தில் எலுமிச்சம்பழமும் மயிலிறகும். நான் அறைக்குள் படித்துக்கொண்டிருந்தேன். பதிலை வாங்கும் ஃபங்ஷனுக்கு வந்தபோது கை நின்றது. இப்போதும் அந்த வரி கண்ணுக்குள் இருக்கிறது. பதில் பஃபர் 256 பைட். சாதனம் சொன்ன நீளத்தை அப்படியே எடுத்து, அத்தனை பைட்டை இன்னொரு பெரிய பஃபருக்கு நகலெடுத்து, அங்கிருந்து பயனர் நிரலுக்குக் கொடுக்கிறாள். நீளம் 256-க்கு மேல் போகிறதா என்ற கேள்வியே இல்லை.

பார்த்தேன் மணி. பார்க்காமல் விட்டதாக உன்னிடம் சொல்ல மாட்டேன். சாதனமும் நம்முடையதுதானே, அந்தக் குழுவும் நம் கம்பெனியில்தானே இருக்கிறது, அது ஏன் பொய் சொல்லப் போகிறது என்று நினைத்தேன். வெளியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். பரிசீலித்தவர் யார் என்று காட்டும் 'ரிவ்யூட் பை' வரியில் என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு எழுந்துவிட்டேன்.

போன வாரம் சோதனைக் குழுவில் ஒருவர், கணினியைப் போலவே நடிக்கும் கியூஎமு என்ற மென்பொருளில் அந்தச் சாதனத்தின் போலி ஒன்றைச் செய்து, வேண்டுமென்றே பொய் சொல்ல வைத்தார். 256 பைட் எழுதிவிட்டு 4096 எழுதினேன் என்று சொல்ல வைத்தார். டிரைவர் நம்பியது. பஃபருக்கு அப்பால் கெர்னல் நினைவகத்தில் கிடந்ததையும் சேர்த்து அள்ளி மேலே கொடுத்தது. அதில் வேறொரு நிரலின் தரவுத் துண்டுகள் இருந்தன. வெளியீட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது.

அன்று மாலை கூட்டம். மேலதிகாரி அந்தப் பிள்ளையை அரை மணி நேரம் கேள்வி கேட்டார். குரல் உயர்த்தவில்லை, ஆனால் ஒவ்வொரு கேள்வியும் அவளுக்குத்தான். இதை யோசிக்கவே இல்லையா, பாடத்தில் சொல்லித் தரவில்லையா, இப்படி. அவள் "சாரி" என்று எட்டு முறையாவது சொல்லியிருப்பாள். நானும் அதே அழைப்பில் இருந்தேன், மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு. அவள் பெயருக்கு அடுத்த வரியிலேயே என் பெயர் இருக்கிறது. யாரும் அந்த வரியைப் படிக்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிழை எல்லாருக்கும் வரும். அந்த அரை மணி நேரம்தான்.

லினக்ஸ்காரர்கள் அந்த 'ரிவ்யூட் பை' வரிக்கு என்ன பொருள் என்று நான்கு பிரிவாக எழுதியே வைத்திருக்கிறார்கள். அதைப் போடுகிறவர் தொழில்நுட்ப ரீதியாகப் பரிசீலித்துவிட்டேன், கண்ட குறைகளை எழுதியவரிடம் சொல்லிவிட்டேன், அவர் கொடுத்த பதிலில் எனக்குத் திருப்தி என்று ஏற்றுக்கொள்கிறார். பிழையே இருக்காது என்ற உத்தரவாதம் அதில் இல்லை, நியாயம்தான். ஆனால் கண்ட குறையைச் சொன்னேன் என்பது இருக்கிறது. நான் கண்டேன், சொல்லவில்லை. இதற்கு எந்தச் சமாதானமும் எனக்குக் கிடைக்கவில்லை.

முன்பெல்லாம் இப்படி நீளத்தைச் சோதிக்காமல் எழுதுவதைப் பெரிதாக நினைத்தவர்கள் குறைவு. கெஸ்டின் நினைவகம் முழுவதையும் அதை ஓட்டும் சர்வர், அதாவது ஹோஸ்ட், எப்படியும் பார்க்கலாம். அதற்குத் தெரியாத ரகசியம் எது, அதைச் சந்தேகித்து என்ன பயன் என்று விட்டுவிடுவார்கள். இப்போது ஏஎம்டியின் செவ்-எஸ்என்பி, இண்டெலின் டிடிஎக்ஸ் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு வசதிகள் வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. கெஸ்டின் நினைவகத்தை ஹோஸ்டால் படிக்க முடியாது. ஹோஸ்டையே நம்பாதவர்கள்தான் அதை வாங்குகிறார்கள், எங்கள் அட்டையைக் கேட்பவர்களும் அவர்கள்தான். அப்படிப்பட்ட இடத்தில் சாதனம் சொல்லும் ஒவ்வொரு எண்ணும் தெரியாத ஆள் வாசலில் நின்று சொல்லும் சேதி. நீளத்தைப் பார்க்க வேண்டும். பகிர்ந்த நினைவகத்தில் இருப்பதை ஒரே முறை படித்துச் சொந்த மாறியில் வைத்துக்கொண்டு பிறகு சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதித்த மறுகணமே மறுமுனை அதை மாற்றிவிடலாம்.

2021-இல் இந்த நீளச் சோதனையை விர்ட்டியோவின் மையத்திலேயே சேர்த்துப் பார்த்தார்கள். பழைய சாதனங்கள் சில காலங்காலமாகத் தவறான நீளத்தையே எழுதிவந்தது அப்போதுதான் வெளியே வந்தது. சோதனையை வைத்தால் அவை ஓடாது என்று சில வாரங்களிலேயே அதைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். இதை நான் எப்போதோ படித்தவன், மணி. படித்துவிட்டும் சாதனம் ஏன் பொய் சொல்லப் போகிறது என்று நினைத்தேன். பொய் சொல்ல யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லையே, கை தவறினாலும் எண் தவறுதான்.

கூட்டம் நடந்த அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். கெர்னல் எல்லாம் சொல்லவில்லை. ஒரு சின்னப் பிள்ளை எழுதிக் கொடுத்த கணக்கைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன், திட்டு அவளுக்கு விழுந்தது என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பால் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி எடை போட்டு, பாலின் கெட்டியை அளக்கும் மெட்ரோலாக்கை விட்டுப் பார்த்து, இத்தனை என்று புத்தகத்தில் எழுதுவார். அம்மாவின் வாளிக்குள் ஆணியால் கீறிய கோடுகள் இருந்தனவாம், பாட்டி கீறிக் கொடுத்தது. பால் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் வரிசையில் நிற்பார். கிராணி மேல் சந்தேகமா என்று கேட்டேன்.

"அவர் நல்ல மனுசன். நாம பார்த்தா அவருக்கும் நல்லதுதானே. மறந்து எழுதிட்டா அவருக்குத்தானே கெட்ட பேரு" என்றார்.

ஒரு முறை எண் ஒத்துப்போகவில்லையாம். அம்மா சொன்னதும் கிராணி திரும்ப எடை போட்டு, அடித்து எழுதி, "நல்ல வேளை சொன்னே" என்றாராம். நான் அந்த வாளியை எத்தனையோ முறை தூக்கியிருக்கிறேன். அந்தக் கோடுகளைத் துரு என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் எழுதினேன். அந்த வரியைப் பார்த்தேன், கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, என் பெயர் அதன் கீழே இருக்கிறது, நேற்றே சொல்லாதது அதைவிடப் பெரிய தப்பு என்று நான்கு வாக்கியம். மேலதிகாரி "சரி, திருத்தத்தைப் பாருங்கள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அந்தப் பிள்ளையிடமிருந்து பதில் வர ஒரு நாள் ஆனது. "நன்றி அண்ணா. நீங்கள் ஓகே சொன்னதால்தான் அந்த இடத்தை நான் மறுபடி பார்க்கவே இல்லை" என்று எழுதியிருந்தாள். குற்றம் சாட்டி எழுதவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதைப் படித்துவிட்டு ஆற்றோரம் வரை நடந்துவிட்டு வந்தேன்.

இந்த வாரம் முழுக்க இரவில், நான் ஏற்கெனவே பெயர் போட்ட டிரைவர்களைத் தோண்டி எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை படித்த ஆறில் ஒன்றில் இதே மாதிரி இரண்டு இடம் கிடைத்தது. இரண்டையும் எழுதியவர்களுக்குச் சொல்லிவிட்டேன். இன்னும் மூன்று டிரைவர் படிக்கப் பாக்கி.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், உண்மையாகப் பதில் சொல். வங்கியில் மற்றவர் வேலைக்கு நீ கையெழுத்துப் போடும்போது, தெரிந்தவர், திறமைசாலி என்பதற்காகச் சீக்கிரம் தாண்டிப் போனது உண்டா? அதை எப்படிச் சமாளிக்கிறாய்? நான் இப்போது சந்தேகப்படும் ஒவ்வொரு வரிக்கும் கேள்வியாகவாவது ஒன்று எழுதிவிடுகிறேன், தெரிந்த பதிலாக இருந்தாலும். எழுதுகிறவர்களுக்கு இது எரிச்சல் தருமோ என்றும் யோசனை. உன் அனுபவத்தைச் சொல்.

வெசாக் விடுமுறைக்கு வருகிறாயா? வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரயிலில் வா, சுங்கை சிப்புட் ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். மாமாவுக்கான காசை மறக்காதே. வாத்தியாரின் குடை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, இந்த முறை இரண்டு பேருமாகப் போய்க் கொடுத்துவிடலாம்.

திருத்திய நான்காவது பதிப்பு இன்று மதியம் வந்தது. இன்னும் திறக்கவில்லை. அம்மா படுத்ததும் முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும்.

அன்புடன்,
ராசு