38 மைலுக்கு வந்த கடிதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. போனில் சொன்னால் பாதியிலேயே "ஓமப்பா, ஓமப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

உன்னுடைய கார் இன்னும் என் பெயரிலேயே பதிவில் கிடப்பதால் பொலிஸ் கடிதம் எனக்கு வந்தது. மணிக்கு 30 மைலுக்கு மேல் போகக்கூடாத றோட்டில் 38 மைல் வேகம். நீ நைட் ஷிஃப்ட் முடித்து வந்த விடியப்புறம். கடிதத்தைப் பிரித்ததும் திகதியைத்தான் முதலில் பார்த்தேன். கமரா பிடித்து 14 நாளுக்குள் பதிவுகாரனுக்கு அறிவித்தல் வந்து சேரவேண்டும். பிந்தினால் வழக்கு நிற்காது. இது நேரத்துக்கே வந்துவிட்டது. ஆகவே அதைப் பற்றி யோசிக்காதே.

கூடவே ஒரு போர்ம் இருக்கிறது: அன்று கார் ஓடினது யார்? ஏன் கேட்கிறார்கள் என்றால், உன்னைப் பிடித்த அந்த மஞ்சள் பெட்டி பின்பக்கமாகத்தான் படம் எடுக்கும். இரண்டு தரம் பளிச்சென்று வெட்டும். றோட்டில் ஏணிப்படி மாதிரி வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பதைக் கவனித்திருப்பாய். ராடர் சொன்ன வேகம் சரிதானா என்று, இரண்டு படங்களுக்கும் இடையில் கார் எத்தனை கோடு தாண்டியது என்பதை வைத்துப் பார்ப்பார்கள். நம்பர் பிளேட் தெளிவாக விழும், முகம் விழாது. அதனால் ஓடினவரின் பெயரைப் பதிவுகாரன் 28 நாளுக்குள் சொல்லவேண்டும் என்று சட்டம். சொல்லாமல் விட்டால் லைசென்ஸில் 6 தண்டனைப் பொயின்ற், 1,000 பவுண்ஸ் வரை அபராதம். வேகமாகப் போனதற்குக் கிடைப்பதைவிட அது பெரிது.

உன் சித்தப்பா வந்திருந்தார். கடிதத்தைக் கண்டவுடன் சொன்னார்: "அண்ணை, நீங்கள்தான் ஓடினதெண்டு எழுதி விடுங்கோ. உங்கட லைசென்ஸ் கிளீன்தானே. மூண்டு பொயின்ற் ஏறினா என்ன குறைஞ்சு போகும்? பிள்ளை பாவம், புது லைசென்ஸ்." அம்மாவும் தலையாட்டினாள். இருவரும் உன்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உன் பெயரைத்தான் எழுதப்போகிறேன்.

இங்கே பிரிட்டனில் கிறிஸ் ஹியூன் என்று ஒரு மந்திரி இருந்தார். நீ அப்போது சின்னப்பிள்ளை. அவர் மந்திரியாக முதல், 2003இல், எம்11 மோட்டர்வேயில் கமராவில் பிடிபட்டார். பொயின்றை மனைவி விக்கி பிரைஸ் தன் பெயரில் ஏற்றுக்கொண்டார். பிறகு இருவரும் பிரிந்தார்கள், கதை பத்திரிகைக்குப் போனது. 2013இல் இருவருக்கும் எட்டெட்டு மாதச் சிறை. மூன்று பொயின்றுக்காகப் பதவியும் போய், மறியலுக்கும் போனார்கள். இந்த நாட்டில் வேகமாக ஓடினால் அபராதம். ஓடினது யார் என்று பொய் எழுதினால் அது நீதியைத் திசைதிருப்பின குற்றம். அந்த விடியப்புறம் நான் டிப்போவில் வானுக்குப் பார்சல் ஏற்றிக்கொண்டு நின்றேன். கையில் இருந்த ஸ்கேனரே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும். நீயோ நர்ஸ். பொய்க்குத் தண்டனை பெற்றவள் என்றால் உன் நர்சிங் பதிவே கேள்விக்குள்ளாகும். சித்தப்பாவுக்கு இதைச் சொன்னபோது பேசாமல் தேத்தண்ணியைக் குடித்தார்.

ஆனால் "புது லைசென்ஸ்" என்று அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. எங்களுக்கு 3 வருடத்துக்குள் 12 பொயின்ற் சேர்ந்தால்தான் லைசென்ஸ் பறிபோகும். ரெஸ்ற் பாஸ் பண்ணி இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு 6 பொயின்ற் போதும். கோர்ட்டில் நின்று உன் நிலைமையைச் சொல்லக்கூட இடமில்லை. லைசென்ஸ் கொடுக்கிற டிவிஎல்ஏ கந்தோரே நேரே ரத்துப் பண்ணிவிடும். பிறகு எல் போர்ட்டில் தொடங்கி, தியறி, பிராக்டிக்கல் எல்லாம் திரும்பவும். பஸ் இல்லாத நேரத்தில் வேலைக்கு எப்படிப் போவாய்? இந்த முறை 3 ஏறினால், இன்னும் ஒரு பிழை விட்டாலே உன் லைசென்ஸ் போய்விடும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் ஒரே அடியில் 6 என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள். சிக்னலில் கார் நிற்கும்போது எடுத்தாலும் அதே கணக்குத்தான்.

இப்போது நல்ல செய்தி. 30 மைல் றோட்டில் 35இலிருந்து 42 வரை பிடிபட்டவர்களுக்கு, கடந்த 3 வருடத்துக்குள் ஏற்கெனவே போயிராவிட்டால், பெரும்பாலும் அபராதத்துக்குப் பதிலாக ஸ்பீட் கோர்ஸ், அதாவது வேகம் பற்றிய வகுப்பு ஒன்றைத் தருவார்கள். உன்னுடையது 38. இது உரிமை இல்லை, பொலிசின் விருப்பம். ஆனாலும் உனக்கு வரும் என்றே நினைக்கிறேன். வந்தால் இரண்டாம் யோசனை வேண்டாம். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், அபராதமான 100 பவுண்ஸை விடப் பெரிய வித்தியாசம் இருக்காது. கோர்ஸை முடித்தால் பொயின்றும் இல்லை, அபராதமும் இல்லை.

ஒன்லைனில் இரண்டரை, மூன்று மணித்தியாலம் இருக்கவேண்டும். சோதனை கிடையாது. ஆனால் கமராவைப் போட்டுவிட்டுக் கறி காய்ச்சலாம் என்று நினைக்காதே. முகம் தெரியவேண்டும், கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டும், பிந்தி வந்தால் உள்ளே விடமாட்டார்கள். நைட் ஷிஃப்ட் முடித்த காலையில் மட்டும் புக் பண்ணாதே, இருந்தபடியே நித்திரையாகிவிடுவாய். தவறவிட்டால் பழையபடி அபராதமும் 3 பொயின்றும்தான்.

உன் சிநேகிதி "35 வரை ஓடலாம், எல்லைக்கு மேல் பத்து வீதமும் இரண்டு மைலும் விடுவார்கள்" என்று சொன்னாளாம். அது பொலிஸ் தங்களுக்குள் வைத்திருக்கிற வழிகாட்டல், சட்டம் இல்லை. 31இலும் குற்றம் குற்றம்தான். "அங்கே 30 என்று போர்ட்டே இல்லையே" என்று நீ கேட்டாய் அல்லவா? இங்கிலாந்தில் 200 யார்டுக்கு மேல் இடைவெளி இல்லாமல் லைட் கம்பங்கள் நிரையாக நின்று, வேறு போர்ட் இல்லாவிட்டால், அது 30 மைல் றோட். லைட் கம்பம்தான் போர்ட். கார்டிஃபுக்குச் சிநேகிதிகளிடம் போகும்போது இன்னும் கவனம்: வேல்ஸில் 2023 செப்டெம்பரிலிருந்து அதே மாதிரியான றோட்டுகளுக்கு 20.

கோர்ட்டுக்குப் போய் வாதாடலாமா என்று கேட்டாய். கமரா பிழை என்று உனக்கே நிச்சயமாக இருந்தால் போகலாம், நான் கூட வருவேன். வேகமுள்ளைப் பார்க்கவில்லை என்று நீயே சொன்ன பிறகு எதை வாதாடுவது? தோற்றால் கிழமைச் சம்பளத்தில் பாதியளவு அபராதம், அதன்மேல் கோர்ட் செலவு, 3 பொயின்ற் வேறு.

இன்சூரன்ஸ்காரன் புதுப்பிக்கும்போது கோர்ஸ் பற்றிக் கேட்டால் ஓம் என்று சொல். கேட்காவிட்டால் நீயாகப் போய்ச் சொல்லத் தேவையில்லை.

இனிச் செய்யவேண்டியது. நான் திங்கட்கிழமை போர்மை அனுப்பி, போஸ்ட் ஒஃபிசில் அத்தாட்சித் துண்டும் வாங்கி வைப்பேன். பிறகு உன் பெயருக்கு இதே மாதிரி ஒரு கடிதம் வரும். நீயும் "ஓடினது நான்தான்" என்று உன் பெயரை நிரப்பி அனுப்பவேண்டும். அதற்குப் பிறகுதான் கோர்ஸ் கடிதம். உன் லைசென்ஸில் நீ முதலில் இருந்த அறையின் விலாசம்தான் இன்னும் இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். அதை டிவிஎல்ஏ தளத்தில் இன்றைக்கே மாற்று, காசில்லை. மாற்றாமல் விட்டால் அதற்கும் 1,000 பவுண்ஸ் வரை அபராதம் போடலாம். காரின் பதிவுப் பத்திரமான லொக் புக்கையும் உன் பெயருக்கு மாற்றிவிடுவோம், அடுத்த முறை வரும்போது எடுத்து வைக்கிறேன். நீ இப்போது இருக்கிற இடத்தின் முழு விலாசத்தையும் போஸ்ட்கோடோடு வட்ஸ்அப்பில் அனுப்பு. போர்மில் அதை எழுதாமல் அனுப்ப முடியாது.

அன்புடன்,
அப்பா