அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் பக்கத்தில் எங்கள் தெரு அண்ணன் இறந்துபோன செய்தியை ஆறு வரியில் போட்டிருந்தீர்கள். ஆறாவது வரி, ‘குடும்பத்தையே மறந்து பொதுச் சேவை செய்தவர்’. பாராட்டாக நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் அதைப் படித்த அண்ணி பேப்பரை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, அன்றைக்கு முழுக்க ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை.

உங்கள் நிருபர் யாரைக் கேட்டு எழுதினார்? அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் 31 வருஷமாக ஒரே சுவர்தான். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். காலையில் மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிடுவது அண்ணன்தான். ஒரு பக்கத்து ரிப்பன் எப்போதும் சற்று இறங்கியே இருக்கும். அதை வேறு யார் சரிசெய்ய வந்தாலும் அந்தப் பெண் விடமாட்டாள். மாமியார் நாலு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வெந்நீர் வைத்து உடம்பு துடைத்துவிட்டதும் அவர்தான். அப்புறம்தான் கூட்டுறவு சங்கத்து வேலைக்குச் சைக்கிளை எடுப்பார்.

அவரிடம் பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. யாருக்கு என்ன ரத்தப் பிரிவு, கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று பென்சிலால் குறித்து வைத்திருப்பார். ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் ஆணுக்கு 3 மாதம், பெண்ணுக்கு 4 மாதம் இடைவெளி வேண்டும் என்பதால், தேதி பார்க்காமல் யாரையும் கூப்பிட மாட்டார். என் மகளுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத ராத்திரி, ஓ நெகட்டிவ் கிடைக்காமல் தவித்துப் போனோம். கரண்ட் இல்லை. அண்ணி டார்ச் பிடிக்க, அண்ணன் அந்த நோட்டைப் புரட்டிப் புரட்டி மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் போன் போட்டார். விடிவதற்குள் இரண்டு பையன்கள் வந்து சேர்ந்தார்கள். என் பேரன் இப்போது ஐந்தாவது படிக்கிறான்.

அந்த வீட்டில் ஊர் வேலையை அவர் தனியாகச் செய்ததே கிடையாது. 2004 சுனாமிக்கு மறுநாள் நாகப்பட்டினம் போனவர், மூன்று நாள் பிணம் தூக்கிவிட்டுத் திரும்பினார். கிணற்றடியில் அண்ணி தண்ணீர் இறைத்து ஊற்ற ஊற்ற உட்கார்ந்தே இருந்தார். அதற்குப் பிறகும் வெகுநேரம் பிள்ளைகளைத் தொடவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையைக் கடந்து, வேதாரண்யம் சாலை நெடுக மரங்கள் விழுந்து கிடந்தபோது, அவரும் மகனும் ரம்பத்தோடு கிளம்பினார்கள். அண்ணி வாசலில் வைத்த உலையில்தான் தெருவே சாப்பிட்டது. அப்போது ஒரு பிரமுகர் தார்ப்பாய் கொடுக்கும் படத்தை நீங்கள் போட்டீர்கள். பின்னால் அண்டாவை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது அண்ணனும் அண்ணியும். படத்துக்குக் கீழே பிரமுகர் பெயர் மட்டும்தான் இருந்தது.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. ஒவ்வொரு மே மாதமும், ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்குள் எங்கள் வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்று உங்களுக்கு அஞ்சலட்டை எழுதுவார். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் கல்லணைத் தண்ணீர் கடைமடைக்கு எப்படி வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு அட்டையைக்கூட நீங்கள் போட்டதில்லை. அப்படியும் அவர் வேறு பேப்பர் வாங்கவில்லை. கண் தெரியாத பெரியவர்களுக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் பேப்பரைத்தான் தினமும் உரக்கப் படித்துக் காட்டினார்.

வருகிற வெள்ளிக்கிழமை கருமாதி. அதற்குள் அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். இனிஷியலும் தப்பு; ‘வை’ இல்லை, ‘வெ’. அதே பக்கத்தில் சின்னதாக வந்தாலும் சரி. அண்ணியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி.