கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் கொடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வைகாசி முதல் நாள் காலை மூன்று மணி நேரம் நம் தோல் பதனிடும் டிரம்கள் நின்றதற்கு விளக்கம் கேட்டு நீங்கள் அனுப்பிய மெமோ கிடைத்தது. அலுவலகத்துக்குரிய பதிலை இரண்டு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வரியில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். நம்மைப் போன்ற தொழிற்சாலைகள் ராணிப்பேட்டை சிப்காட்டில் இன்னும் பல இருப்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவில் இரண்டு பொறியாளர்கள் இருந்தோம். மற்றவர் போன ஐப்பசியில் வேலையை விட்டுப் போனார். ஆள் எடுக்கிறோம் என்றீர்கள். இது ஏழாவது மாதம். இந்த ஏழு மாதமும் பகல் பொறியாளன் நான், இரவுப் பொறியாளன் நான், ஞாயிற்றுக்கிழமை போனில் பதில் சொல்பவனும் நான். வாலாஜாவில் அறை எடுத்து மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். குளிக்கப் போனாலும் போனைக் கதவோரம் வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். அப்பா கைலி நெய்பவர். எங்கள் ஊர்க்காரனுக்குத் தீபாவளி தப்பினாலும் தப்பலாம், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா தப்பக் கூடாது. அதற்காக ஒரே ஒரு நாள் விடுப்பு கேட்டு, ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து, உங்கள் கையெழுத்தும் வாங்கித்தான் போனேன். தரணம்பேட்டையிலிருந்து அம்மன் சிரசு ஊர்வலமாகப் புறப்பட்டு வருகிறது. தெருவெல்லாம் தேங்காய் உடைக்கிற சத்தம். அம்மா தட்டோடு நிற்கிறார். அப்போது ஆபரேட்டர் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, சம்ப்ல பம்பு அடைச்சிக்கினு கீது. தண்ணி மேல ஏறிக்கினே வருது. அஞ்சு நிமிசந்தான், நானே எறங்கி எடுத்துடறேன்."

சம்ப் என்பது கழிவுநீர் வந்து சேரும் ஆழமான தொட்டி. இறங்காதீர்கள் என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அம்மாவிடம் தட்டைக் கூட வாங்காமல் வண்டியை எடுத்தேன். கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி, திருவலம் என்று ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வழியில் நான்கு இடத்தில் நிறுத்திக் கூப்பிட்டும் பதில் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் நான் என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் என்பதை எழுத வராது.

அண்ணன் உயிரோடு இருந்தார். போனை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு சம்ப் ஓரம் நின்றிருந்தார். மூடியைத் திறந்து, இடுப்பில் கயிறு கட்டியாகிவிட்டது. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் அதைக் கைப்பிடிக் கம்பியில் முடிச்சுப் போட்டிருந்தார். நான் போனில் கத்தியதில் பாதி அவர் காதில் விழுந்திருக்கிறது. அந்தப் பாதியை நம்பித்தான் எனக்காகக் காத்திருந்தார்.

விஷவாயுவை அளக்கும் மீட்டர் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. விலை உயர்ந்த கருவி, பொறியாளர் பொறுப்பில் மட்டும் இருக்கட்டும் என்பது உங்கள் உத்தரவு. சாவி என் சட்டைப் பையில், குடியாத்தத்தில் இருந்தது. அதைத் திறந்து மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டேன். அது நூறு பிபிஎம் வரைதான் காட்டும் (ஒரு பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). பாதி ஆழம் போவதற்குள் நூறையும் தாண்டிவிட்டதாக அலறியது. பத்து பிபிஎம்மிலேயே ஆள் வெளியேற வேண்டும்.

தோலில் முடி உதிர்க்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறோம். அந்தத் தண்ணீரும், தோலை அமிலத்தில் ஊறவைக்கும் பிக்கிள், அதைப் பதனிடும் குரோம் வேலைகளிலிருந்து வரும் அமிலத் தண்ணீரும் ஒரே இடத்தில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். காற்றைவிடக் கனமான வாயு, அடியில்தான் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நூறு பிபிஎம் அளவுக்கு வந்தால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாமல் போகும். "நாத்தமே இல்ல தம்பி, அதான் எறங்கலாம்னு பார்த்தேன்" என்றார் அண்ணன். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

பிறகு பக்கத்துத் தொழிற்சாலையில் செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியை இரவல் வாங்கி, நான்கு பேர் சேர்ந்து, யாரும் உள்ளே இறங்காமலே பம்பை மேலே தூக்கினோம். முடியும் சவ்வும் பந்து போலச் சுற்றியிருந்தன. நீங்கள் விளக்கம் கேட்ட மூன்று மணி நேரம் இதுதான்.

இப்படிப்பட்ட தொட்டியில் இறங்குமுன் வாயுவைச் சோதித்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும், அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவிலேயே இதை எழுதி வைத்தார்கள். என் அப்பா பிறப்பதற்கும் முன்பு. நம் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு ஓர் ஆபரேட்டர். சோதிக்க வேண்டிய ஒரே பொறியாளன் விடுப்பில். கயிற்றை யார் பிடிப்பது? தயவுசெய்து இன்னொரு பொறியாளரை நியமியுங்கள்.

2015 ஜனவரி 31ஆம் தேதியை இந்த சிப்காட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அன்று எங்கள் தெருவில் யாரும் வேறு எதையும் பேசவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில், மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றது. பாலாற்றுக்காக வந்த அந்தத் தீர்ப்பை எங்களுக்குக் கல்லூரியில் பாடமாக நடத்தினார்கள். அதனால்தான் இந்த வேலையை விரும்பி எடுத்தேன். வெளியேறும் தண்ணீரை அளக்க மீட்டர் இருக்கிறது, அதைப் பார்க்க அதிகாரிகள் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்பவன் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று கேட்க இந்த மாவட்டத்தில் ஒருவரும் இல்லை. தோலை ஏற்றுமதி செய்கிறோம், விருது வாங்குகிறோம், சம்ப் ஓரம் ஒற்றை ஆளை நிறுத்துகிறோம். இது எனக்கு வேதனையாக இருக்கிறது.

உங்களிடம் எனக்கு நன்றியும் உண்டு. கல்லூரி முடித்து வந்த பையனை நம்பி, தண்ணீரில் காற்றைக் கலக்கும் பழைய ஏரேட்டர்களை எடுத்துவிட்டு அடியிலிருந்து நுண்குமிழ் விடும் டிப்யூசர்களைப் பொருத்தும் வேலையை ஒப்படைத்தீர்கள். முதல் நாள் தொட்டி முழுக்கப் பால் பொங்குவது போல் குமிழ் எழும்பியதை வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அதை அவர் இன்னும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். இரண்டாவது தொட்டிக்கும் அதைச் செய்ய வேண்டும். வரைபடம் தயாராக இருக்கிறது, உட்கார்ந்து முடிக்கத்தான் ஒரு மாலை கிடைக்கவில்லை.

சம்பள உயர்வு கேட்டு இதை எழுதவில்லை. மெமோவைத் திரும்பப் பெறச் சொல்லியும் கேட்கவில்லை. இன்னொரு பொறியாளர் வேண்டும். அதுவரை மீட்டர் அலமாரியின் இரண்டாவது சாவியை ஷிப்ட் ஆபரேட்டரிடம் கொடுக்க அனுமதி வேண்டும். அவருக்கு மீட்டரைப் பார்க்க நானே சொல்லித் தருகிறேன்.

பங்குனியில் இரண்டு பேருடைய விண்ணப்பங்களை மனிதவளப் பிரிவில் கொடுத்தேன். ஒருவர் ஆற்காடு, மற்றவர் மேல்விஷாரம். இருவரும் உடனே சேரத் தயாராக இருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் ஒருவரையாவது அழைத்துப் பேசும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சுத்திகரிப்புப் பிரிவின் பொறியாளன்